ஓகம் கல்லைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஓகம் என்பது அயர்லாந்தின் பழங்காலக் கீறல் எழுத்து. அது பொறித்த கல்லுக்கு முன்னால் நிற்கும் பலர் அதன் முகப்பையே உற்றுப் பார்த்துவிட்டு, எழுத்து எதுவும் இல்லையே என்று திரும்பிவிடுகிறார்கள். அயர்லாந்தில், முக்கியமாக கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்டு பகுதிகளில் உள்ள இந்தக் கற்களில் பெரும்பாலானவை 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இவற்றில் எழுத்து ஓடுவது கல்லின் விளிம்பில். விளிம்பையே நடுக்கோடாக வைத்து, இருபக்கமும் கீறல் போட்டிருப்பார்கள்.

சரி, விளிம்பைக் கண்டுபிடித்தாயிற்று. அப்புறம் வழக்கப்படி மேலிருந்து கீழே படிக்கத் தொடங்குவார்கள். ஆனால் பெரும்பாலும் இடது விளிம்பின் அடியில் தொடங்கி மேலே ஏற வேண்டும். இடம் போதாவிட்டால் வரி உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். திசை தவறினால் வலம் இடமாகிவிடும். வலப்பக்கம் ஐந்து கீறல் 'ந'. அதே ஐந்து இடப்பக்கம் இருந்தால் 'க்வ'. ஆள் பெயரே மாறிப்போகும்.

படித்துப் பழக நல்ல சொல் 'மக்வி'. விளிம்பைக் குறுக்கே சாய்வாக வெட்டும் ஒரு கோடு, விளிம்பின் மேலேயே ஒரு சின்னப் பள்ளம், இடப்பக்கம் ஐந்து கீறல், பிறகு ஐந்து பள்ளம். 'இன்னாரின் மகனுடைய' என்று பொருள். கல்லுக்குக் கல் வரும் சொல் இது. சில கற்களில் 'க்வ' இரட்டித்திருக்கும். உயிரெழுத்துகள் எல்லாம் இப்படி விளிம்புப் பள்ளங்கள்தான் என்பதால் சீக்கிரம் தேய்கிறவையும் அவையே. நான்கு பள்ளம் 'எ', ஐந்து 'இ'. கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தை ஊகத்தில் சேர்த்து எண்ணக் கூடாது.

தெளிவாகத் தெரியட்டும் என்று கீறல்களில் சாக்பீஸ் தேய்ப்பதையும், கம்பி பிரஷால் பாசியைச் சுரண்டுவதையும் மன்னிக்கவே முடியாது. பாசியோடு கல்லின் மேற்பரப்பும் உரிந்து வரும். சாக்பீஸோ நீங்கள் நினைத்த வாசிப்பை அடுத்து வருபவரின் கண்ணிலும் திணிக்கும். நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்துவது அங்கே சட்டப்படி குற்றம். வெயில் சாய்ந்து விழும் காலையிலோ மாலையிலோ போங்கள். இருட்டிய பிறகென்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும், கீறல்கள் நிழலோடு எழுந்து நிற்கும்.

ஓகம் என்றாலே கிறிஸ்தவத்துக்கு முந்திய ட்ரூயிட் பூசாரிகளின் ரகசிய மந்திரம் என்று சொல்வதும் பரவலான தவறு. கற்களில் இருப்பவை பெரும்பாலும் ஆள் பெயரும் தகப்பன் பெயரும் குலப் பெயரும்தான். கெர்ரியில் பிராண்டன் மலைப் பக்கம் அராக்லன் கல்லில் பெயர் பொறிக்கப்பட்ட ரோனான் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார். அதே கல்லில் சிலுவையும் உண்டு.

கல் இப்போது நிற்கும் இடமே அதன் பழைய இடம் என்றும் எண்ணிவிடாதீர்கள். கெர்ரியின் டன்லோவில் சாலையோரம் நிற்கும் கற்களில் பெரும்பாலானவை 1838இல் ஒரு நிலத்தடிப் பாதையில் கிடைத்தவை. கூரைக்கும் தாங்கலுக்கும் அவற்றைப் பயன்படுத்தியிருந்தார்கள்.

கடைசியாக, 1945இல் தொல்லியல் அறிஞர் மெக்காலிஸ்டர் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பை மட்டும் நம்பி வாசிப்பை முடிவு செய்யாதீர்கள். அது பெரிய உழைப்பு, ஆனால் அதன் சில வாசிப்புகள் பின்னர் திருத்தப்பட்டுள்ளன. டப்ளின் உயர் ஆய்வு நிறுவனத்தின் 'ஓகம் இன் 3டி' திட்டம் பல கற்களை லேசர் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. கிளம்பும் முன் அதில் உங்கள் கல்லைத் தேடிப் பாருங்கள்.