மதிப்பீட்டு அறிக்கை தொலைந்துபோகும் இடங்கள்

கட்டுமானத் தள அலுவலகங்களில் ஒரு காட்சி எனக்குப் பழகிப்போனது. கொள்கலனை அறையாக மாற்றிய அலுவலகம். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ், அதாவது நிறுவனத்தின் சுற்றுச்சூழல் மேலாண்மை அமைப்புக்கான அனைத்துலகத் தரச் சான்று. அதற்குக் கீழே இருக்கும் அலமாரியின் அடித்தட்டில், குளிர்சாதனப் பெட்டியின் கையேட்டுக்கும் பழைய நாட்காட்டிக்கும் அடியில், அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. இரண்டும் ஒரே அறையில் குடியிருந்தாலும் ஒன்றுக்கொன்று அறிமுகமில்லை.

மதிப்பீடு என்பது வேலை தொடங்கும் முன் கேட்கும் கேள்வி: இங்கே தோண்டினால், கட்டினால், என்ன கெடும்? மேலாண்மை அமைப்பு, வேலை தொடங்கிய பின் தினமும் கேட்கும் கேள்வி: இன்று என்ன கெட்டது, யார் சரிசெய்கிறார்கள்? இவற்றை இணைப்பதற்கென்றே கண்காணிப்பு, மேலாண்மைத் திட்டம் என்ற ஆவணம் இருக்கிறது. அந்த இணைப்பு அறுந்துபோவது பெரும்பாலும் வேலை கைமாறும் இடங்களில்தான். ஆலோசகர் ஒப்பந்ததாரரிடம் கொடுக்கும்போது ஒரு முறை, ஒப்பந்ததாரர் கட்டடத்தை நடத்துபவரிடம் கொடுக்கும்போது மறுமுறை.

முதல் தவறு விலைப்பட்டியலில் நடக்கிறது. சிங்கப்பூரில் தாக்க மதிப்பீட்டுக்கெனத் தனிச்சட்டம் இல்லை; நிலத் திட்டமிடல் அனுமதியின் ஒரு பகுதியாகவே அது நடக்கிறது. எனவே அறிக்கையின் பரிந்துரைகள் அனுமதி நிபந்தனையாகவும் ஏலக்குத்தகை ஆவணத்தின் வரியாகவும் மாறினால்தான் உயிர்பெறும். ஓடையோரம் தடுப்பு வேலி வேண்டும் என்று அறிக்கை சொல்லியிருக்கும். ஏலக்குத்தகையில் அதற்கு ஒரு வரி இல்லையென்றால் ஒப்பந்ததாரர் அதற்கு விலை போட்டிருக்க மாட்டார். பிறகு அவரைத் திட்டிப் பயனில்லை. ஏலம் விடுவதற்கு முன்பே அறிக்கையையும் விலைப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பின்னால் வரும் பாதித் தலைவலி இதில் தீர்ந்துவிடும்.

அடுத்தது வரிசை மாறுவது. 2021இல் கிராஞ்சியில் நடந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேளாண் உணவுப் புத்தாக்கப் பூங்காவுக்கான இடத்தில், பல்லுயிர் ஆய்வு முடிந்து மேலாண்மைத் திட்டம் இறுதியாகும் முன்பே சுமார் 4.5 ஹெக்டர் காடு அழிக்கப்பட்டது தெரியவந்தது. ஆய்வுக்கு ஏற்பாடு இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். மண்வாரி இயந்திரம் மட்டும் முந்திக்கொண்டது. ஆய்வு முடிந்ததற்கான கையெழுத்து இல்லாமல் இயந்திரம் தளத்துக்குள் நுழைய முடியாது என்ற ஒரு தடையை, தளத்தில் ஒரு வேலையைத் தொடங்கத் தரும் அனுமதிச் சீட்டிலேயே வைத்துவிட வேண்டும். அந்தச் சீட்டு ஏற்கெனவே தளத்தில் புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

மூன்றாவது, ‘முடிந்தவரை’ என்ற சொல். ‘சேறு ஓடையில் கலக்காமல் முடிந்தவரை பார்த்துக்கொள்ளப்படும்’ என்று எழுதினால் அதை யாரும் மீறவே முடியாது. ஆகவே யாரும் கடைப்பிடிக்கவும் மாட்டார்கள். கட்டுமானத் தளத்திலிருந்து வடிகாலுக்குப் போகும் நீரில் கரையாமல் கலந்திருக்கும் மண் போன்ற திண்மத் துகள்கள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. இதை அளந்து பார்க்கலாம், மீறினால் பிடிக்கலாம். குறுக்குத் தீவு ரயில் பாதைக்காக மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியில் மண் ஆய்வு செய்யத் திட்டமிட்டபோது, துளைகளின் எண்ணிக்கை 72இலிருந்து 16ஆகக் குறைக்கப்பட்டது. இயந்திரங்களைச் சுற்றி ஒலித்தடுப்பும் முன்வைக்கப்பட்டது. 16 என்ற எண்ணைத் தளத்தில் நிற்கும் எவரும் சரிபார்க்கலாம். ‘குறைந்தபட்சத் துளைகள்’ என்று எழுதியிருந்தால் முடியுமா?

எண் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. நான் வேலை பார்த்த ஒரு தளத்தில் ஓடையின் கலங்கலைத் தினமும் அளந்தோம். ஒரு டிசம்பர் மழையில் கலங்கல் ஏறத் தொடங்கியது. மூன்று வாரங்களுக்கு ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட அதிகம். ஒவ்வொரு எண்ணும் அழகிய கையெழுத்தில் பதிவாகி, வாரந்தோறும் அறிக்கையாகிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் எதுவும் செய்யவில்லை. காரணம் சோம்பல் அன்று. படிவத்தில் அளவை எழுத ஒரு கட்டம் இருந்தது. இந்த அளவைத் தாண்டினால் யாரைக் கூப்பிடுவது என்பதற்குக் கட்டமே இல்லை. நாங்கள் வெள்ளத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

பிறகு அதை இரண்டு படிகளாகப் பிரித்தோம். சட்ட வரம்புக்கு நன்றாகக் கீழே ஓர் எச்சரிக்கை அளவு: அதைத் தொட்டால் வண்டல் தொட்டியையும் தடுப்பையும் அன்றே பார்க்க வேண்டும். வரம்பை நெருங்கினால், தளத்து நீரை வெளியேற்றும் பம்பை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு மேலாளரின் அனுமதி தேவையில்லை. ஐஎஸ்ஓ 14001இல் இணக்கமின்மை, திருத்த நடவடிக்கை என்றொரு பகுதி உண்டு. தணிக்கையாளர் வரும் வாரத்தில் மட்டும் அதை நிரப்புபவர்கள் அதிகம். மதிப்பீட்டு அறிக்கையின் அளவு மீறப்படும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவேட்டில் ஒரு வரி தானாக விழ வேண்டும். இணைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேலாண்மை அமைப்பு, நிறுவனத்தின் செயல்களில் சுற்றுச்சூழலைத் தொடுபவை எவை என்று பட்டியலிடச் சொல்கிறது. அந்தப் பட்டியலைப் போன திட்டத்திலிருந்து அப்படியே நகலெடுப்பார்கள். அதில் அச்சுப்பொறி மை இருக்கும், காகிதப் பயன்பாடு இருக்கும். மதிப்பீட்டு அறிக்கை பத்துப் பக்கம் எழுதிய எறும்புத்தின்னி இருக்காது. அறிக்கையில் கடும் தாக்கம் என்று குறித்தவை அனைத்தும் பட்டியலின் தலையில் நிற்க வேண்டும். அச்சுப்பொறி காத்திருக்கலாம்.

பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேலைக்கு முன் எடுக்கும் அடிப்படைத் தரவின் காலத்தையும் கவனிக்க வேண்டும். வலசைப் பறவைகள் ஏறத்தாழ செப்டம்பரிலிருந்து மார்ச்வரை இங்கே தங்குகின்றன. ஜூனில் மட்டும் கணக்கெடுத்துவிட்டு, ஜனவரியில் கண்காணித்து, ‘பறவைகள் பெருகியுள்ளன’ என்று மகிழ்வது ஏமாற்று. வடிவமைப்பு மாறினால் மதிப்பீட்டைத் திரும்பத் திறக்க வேண்டும் என்பதும் தெரிந்த விஷயம்தான். சாலை இருபது மீட்டர் தள்ளிப்போனால் ஓடைக்கு அது இருபது மீட்டர் அருகில் வந்திருக்கலாம்.

கட்டி முடிந்ததும் நடக்கும் இரண்டாவது கைமாற்றம் இன்னும் மோசமானது. கட்டுமானக் காலத் திட்டத்தை மூடி, பெட்டியில் கட்டி, நடத்துநர் தம் மேலாண்மை அமைப்பைச் சுழியத்திலிருந்து தொடங்குவார். சிங்கப்பூருக்குத் தெற்கே கடலில் இருக்கும் செமாக்காவ் குப்பை நிரப்பகம் இதற்கு நல்ல மறுபக்கம். 1999இல் திறக்கப்பட்ட அந்த இடத்தைச் சுற்றி 7 கிலோமீட்டர் நீளக் கரை. கட்டும்போது இழந்த அலையாத்திக் காட்டுக்கு ஈடாக மீண்டும் நட்ட மரங்களே, கரையிலிருந்து கசிவு ஏற்பட்டால் வாடிக் காட்டிக்கொடுக்கும் காவலர்களாகவும் இருக்கின்றன. கட்டும்போது செய்த ஈடு, நடத்தும்போது கண்காணிப்பானது. உங்கள் திட்டத்தில் நடத்துநர் யார் என்று முன்பே தெரிந்தால், கட்டுமானத்தின் கடைசி ஆறு மாதமாவது அவரைக் கண்காணிப்புக் கூட்டங்களில் உட்கார வையுங்கள்.

கடைசியாக மொழி. திட்டம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பம்பை இயக்குபவர் தமிழிலோ வங்காளத்திலோ யோசிக்கிறார். காலைக் கூட்டத்தில் ‘சுற்றுச்சூழலைப் பாதுகாப்போம்’ என்று சொல்லிக் கைதட்டிக் கலைவதால் ஓடைக்கு ஒன்றும் ஆகாது. அந்த டிசம்பருக்குப் பிறகு நாங்கள் மூன்று கண்ணாடிப் புட்டிகளில் மூன்று விதக் கலங்கல் நீரை அடைத்துப் பம்புக்குப் பக்கத்தில் கம்பியில் கட்டினோம். மூன்றாவது புட்டியில் சிவப்பு நாடா: நீர் அந்த அளவுக்குக் கலங்கினால் பம்பை நிறுத்து என்று பொருள். அளவுமானிக்கு அது மாற்று இல்லை. அளவுமானி வருவதற்குள் என்ன செய்வது என்பதற்கான ஏற்பாடு. புட்டியை நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மண் அடியில் தங்கிவிடும். இதை எனக்குச் சொன்னவர் புதுக்கோட்டைக்காரரான ஒரு பம்ப் இயக்குநர். “அண்ணே, சும்மா நிற்கும் தண்ணீர் எப்போதும் நல்லவன் போலத்தான் தெரியும்” என்றார். அடுத்த மழையில் பம்பை இரண்டு முறை நிறுத்தினார். இரண்டு முறையும் எங்கள் அளவுமானி அவர் நிறுத்திய பிறகுதான் வந்து சேர்ந்தது.