ஜேர்மனியில் ஒரு செமஸ்டர்: வந்தாறுமூலை, ஒலுவில் மாணவர்களுக்கு

கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளைக்கு ஜேர்மனியில் ஒரு செமஸ்டர் பரிமாற்றம் கிடைத்துவிட்டால், வீடு முழுக்கக் குளிர் ஜக்கெட் பற்றியே கதை. ஜக்கெட்டை அங்கே போய்ப் பழைய உடுப்புக் கடையில் மலிவாக வாங்கலாம். ஊரை விட்டு வெளிக்கிட முன் முடிக்க வேண்டியது பாடங்களின் கணக்கு.

ஐரோப்பாவில் பாடச் சுமையை இசிரிஎஸ் (ECTS) என்ற பொதுப் புள்ளியால் கணக்கிடுவார்கள்: வருடத்துக்கு 60 புள்ளி, செமஸ்டருக்கு 30. நமக்கு வருடத்துக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியால வேலை. அவர்களின் ஒரு புள்ளி 25 முதல் 30 மணித்தியாலம். ஆகவே அங்கே 6 புள்ளிப் பாடம் இங்கே ஏறத்தாழ 3 கிரெடிட். “செமஸ்டருக்கு 15 தானே வேணும்” என்று 15 புள்ளிக்கு மட்டும் பதிந்தால், திரும்பி வரும்போது பாதி செமஸ்டர் நிலுவையில் கிடக்கும். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதைத் துறைத் தலைவர், பீடச் சபை, மூதவை என்ற வழியில் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது; நீங்கள் வருவதற்குள் துறைத் தலைவர் மாறியிருக்கலாம்.

பொதி கட்டும்போது அம்மாமார் முதலில் வைப்பது பால்மாவும் நெய்யும். இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. பால் பொருளும் இறைச்சியும் சுங்கத்தில் பறிபோகும். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. கருவாட்டுக்குத் தடையில்லை, ஆனால் மூன்று உறை போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் செமஸ்டர் முழுக்க உடுப்பு மணக்கும். அரிசி சுமக்க வேண்டாம். ஜேர்மனியின் பெரிய நகரங்களில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன, சம்பாவும் தேங்காய்ப்பால் மாவும் அங்கே கிடைக்கும். வறுத்து அரைத்த கறித்தூள் ஒரு கிலோ போதும். நமது மூன்று சதுரக் கால் பிளக் அங்கே பொருந்தாது. மின்னழுத்தம் அதே 230 வோல்ட்தான். ஊர் மல்டி பிளக் ஒன்றும் அதற்கு ஓர் அடப்டரும் கொண்டுபோனால் போனும் லப்டொப்பும் சார்ஜ் பண்ணலாம். ரைஸ் குக்கரை மட்டும் அதில் மாட்ட வேண்டாம்.

தபால் பெட்டியில் பெயர்

விடுதி அறைச் சாவி கிடைத்த அன்றே, கதவைத் திறக்க முன், கீழே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். வங்கி அட்டை, அதன் இரகசிய இலக்கம், காப்புறுதி அட்டை, வரி இலக்கம் எல்லாம் கடிதமாகத்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் தேடித் திரிய மாட்டார், கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். நம் ஆட்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடத்தில் பெரும்பாலும் தகப்பன் பெயர் நிற்கும். அங்கே நீங்கள் அந்தப் பெயர்தான். முதலெழுத்தையும் கூப்பிடு பெயரையும் ஒட்டிவிட்டு, கடிதம் தகப்பன் பெயருக்கு வந்தால் அது உங்களைச் சேராது. கடவுச்சீட்டில் உள்ளபடி இரண்டையும் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடிபுகுந்து 14 நாட்களுக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். நம் பிரதேச செயலகம் மாதிரி நேரே போய் நிற்கலாம் என்று நினைக்க வேண்டாம். இணையத்தில் நேரம் எடுக்க வேண்டும், பெரிய நகரங்களில் அது கிழமைக்கணக்கில் நிரம்பியிருக்கும். இங்கிருந்தே தேடி நேரத்தைப் பிடியுங்கள். கிடைத்த திகதி 14 நாட்களைத் தாண்டினாலும், நேரம் கேட்டதற்கான மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். கடவுச்சீட்டோடு, நீங்கள் அங்கே குடியிருப்பதாக விடுதிக்காரர் ஒப்பமிட்ட படிவமும் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தப் பதிவுத் தாள் கையில் வந்த பின்தான் மற்ற அலுவல்கள் பலதும் நகரும். விசாவின் முடிவுத் திகதி செமஸ்டர் முடிய முன்னரே வந்தால், அந்தத் திகதிக்கு முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். புலமைப்பரிசுக் காசு வந்திறங்கிய உடனே கைக்கு வரும் என்று நம்பாதீர்கள். முதல் மாத வாடகையும் விடுதி வைப்புப் பணமும் கையில் இருக்கட்டும்.

பதிந்த பிறகு ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். விளம்பரம் என்று குப்பையில் போடுகிறவர்கள் ஏராளம். ரிவி இல்லாவிட்டாலும் ஒரு குடியிருப்புக்கு மாதம் 18.36 யூரோ கட்டத்தான் வேண்டும். ஒரே வீட்டைப் பகிர்பவர்கள் என்றால் ஒருவர் கட்டினால் போதும். அவரின் கட்டண இலக்கத்தை எழுதிப் பதில் அனுப்புங்கள்.

வகுப்பும் பரீட்சையும்

நேர அட்டவணையில் 10 c.t. என்றால் 10.15க்குத் தொடக்கம். 10 s.t. என்றால் சரியாகப் பத்து. இது சின்ன விஷயம். பெரியது பரீட்சைப் பதிவு. இங்கே 80 வீத வரவு இருந்தால் பரீட்சை எழுதலாம் என்று பழகிவிட்டோம். அங்கே பல விரிவுரைகளில் வரவே எடுப்பதில்லை, ஆனால் பரீட்சைக்குத் தனியாகப் பதிய வேண்டும். செமஸ்டர் நடுவில் சில கிழமைகள் மட்டும் அந்தப் பதிவு திறந்திருக்கும். வகுப்பில் முதல் வரிசையில் இருந்தவரும் பதியாவிட்டால் எழுத முடியாது. பதிந்துவிட்டு, பதிவை நீக்காமலே பரீட்சைக்குப் போகாவிட்டால் 5.0, சித்தியின்மை. பரிமாற்ற மாணவருக்குச் சில துறைகளில் இந்தப் பதிவுக்கு வேறாகக் கடதாசிப் படிவம் இருக்கும். முதல் கிழமையிலேயே கேட்டு வையுங்கள்.

புள்ளி வழங்கும் முறையும் தலைகீழ். அங்கே 1.0 உச்சம், 4.0 மட்டுமட்டான சித்தி. இங்கே 4.0 என்றால் ஏ. பெறுபேற்றுத் தாளோடு அவர்களின் புள்ளித்திட்ட விளக்கத்தையும் சேர்த்து வாங்காவிட்டால், உங்கள் 1.3 நமது பரீட்சைக் கிளையில் பாவப்பட்ட இலக்கமாகத் தெரியும்.

குசினி

தாளிக்கும் புகைக்குத் தீ எச்சரிக்கை மணி அடிக்கும். மின் அடுப்பின் தட்டு சுணங்கிச் சூடாகி, சுணங்கியே ஆறும். எண்ணெய் கருகுவது இதனால்தான். குமிழை நடுவில் வைத்து, கடுகு வெடித்ததும் சட்டியைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, மிஞ்சிய சூட்டிலேயே செத்தல் மிளகாயைப் போடுங்கள். புகைந்தால் ஜன்னலைத் திறவுங்கள், நடைவழிக் கதவைத் திறக்கவே வேண்டாம். பல விடுதிகளில் நடைவழி மணி கட்டடம் முழுவதற்கும் பொது. தீயணைப்பு வண்டி வந்தால் செலவு உங்கள் தலையில் விழலாம்.

சோற்று ஆவியும் அறைக்குள் காயும் உடுப்பும் சுவரில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். குளிர் என்று பாராமல் நாளுக்கு இரண்டு மூன்று தரம், ஐந்து பத்து நிமிடம், ஜன்னலை முழுதாகத் திறந்து மூடுங்கள்.

மென்சா எனப்படும் மாணவர் சாப்பாட்டுச் சாலையில் பட்டியலோடு எழுத்துக் குறிகள் இருக்கும். பலவற்றில் S பன்றி, R மாடு. மாடு என்று போட்டிருந்தால் ஹலால் என்று அர்த்தமில்லை. ஹலால் இறைச்சிக்குத் துருக்கியர் கடைதான் வழி. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் போத்தலை எறியாதீர்கள், கடை இயந்திரத்தில் போட்டால் பெரும்பாலும் 25 யூரோ சதம் திரும்பும்.

வீட்டுக்குப் போன் எடுப்பதென்றால் ஜேர்மன் நேரம் பின்னேரம் மூன்று நாலு மணிக்குள் எடுங்கள். குளிர்காலத்தில் இங்கே நாலரை மணித்தியாலம் முன்னே. மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து மூன்றரை.

வெளிக்கிடும்போது முகவரிப் பதிவை நீக்குங்கள், காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். வைப்புப் பணம் அறையைப் பார்த்த பின், பெரும்பாலும் கிழமைகள் கழித்தே திரும்பும். அது வந்து சேரும்வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.