பெருமாளின் கொம்பு: ஓவர்லீஃபில் தமிழ் கலந்த ஆய்வுக் கட்டுரை

மொரீஷியஸ் தமிழ்க் குடும்பப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் என்ன பாடு படுகின்றன (வீரப்பன் வீராபென் ஆன கதை) என்று பக்கத்துத் தீவான ரெயூனியனில் சேன்-தெனியில் இருக்கும் தோழியோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினேன். முதலில் வேர்ட் கோப்பை மின்னஞ்சலில் மாற்றி மாற்றி அனுப்பினோம், ஒரே வாரத்தில் ஏழு கோப்புகள் சேர்ந்துவிட்டன, எந்தத் திருத்தம் எதில் என்று இருவருக்கும் தெரியவில்லை. கூகுள் டாக்ஸ் போதாதா என்றால், கடிதத்துக்குப் போதும். அடிக்குறிப்பும் அட்டவணையும் மேற்கோள் பட்டியலும் இருந்தால் எனக்கு ஓவர்லீஃப்தான்: கட்டளைகளால் பக்கத்தை அமைக்கும் லேடெக் முறையில், பலர் ஒரே கோப்பில் எழுத உதவும் இணையதளம்.

கணக்கு தொடங்கி, வெற்றுத் திட்டம் ஒன்றைத் திறந்து, பகிர்வு பொத்தானை அழுத்தி இணையாசிரியரை அழையுங்கள். இலவசக் கணக்கில் உங்களைத் தவிர ஒருவர்தான் எழுத முடியும், எங்களுக்கு அதுவே சரியாக இருந்தது.

அடுத்து, எதையும் தட்டச்சு செய்யும் முன் அமைப்புகளில் கம்பைலரை, அதாவது நாம் எழுதியதைப் பிடிஎஃப் பக்கமாக மாற்றும் நிரலை, மாற்றுங்கள். முதலில் இருப்பது பிடிஎஃப்லேடெக். அதற்குப் பிரெஞ்சு எழுத்துகள் பழக்கம், தமிழைக் கண்டால் பிழைச் செய்தி. ஸீலேடெக் என்று மாற்றுங்கள்.

இனிதான் நான் மூன்று மாலைகளைத் தொலைத்த இடம். கம்பைலரை மாற்றியதும் பிழைகள் போயின, கூடவே தமிழும் போனது! பக்கத்தில் வெற்றிடம், எச்சரிக்கை பதிவுக் கோப்பின் அடியில் எங்கோ. காரணம், வழக்கமான எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைத் திட்டத்துக்குள் பதிவேற்றி, எழுத்துருக்களைத் தேர்ந்தெடுக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பைச் சேர்த்து, தமிழுக்கென்று தனி எழுத்துருக் கட்டளை ஒன்றை வரையறுத்தேன். எழுத்து வந்தது, ஆனால் 'பெருமாள்' என்று அடித்தால் கொம்பு 'ப'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. எழுத்துருதான் கெட்டது என்று நான்கை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் தெரிந்தது, அந்தக் கட்டளையின் சதுர அடைப்புக்குள் ஸ்கிரிப்ட் என்பதற்குத் தமிழ் என்று (Script=Tamil) கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கொடுக்காவிட்டால் மென்பொருள் அதைத் தமிழாகவே நினைப்பதில்லை, உயிர்க்குறிகளை இடம் மாற்றாது.

மேற்கோள்களுக்கு, நூல் விவரங்களைச் சேமிக்கும் ஸொட்டேரோ மென்பொருளில் ஒரு குழு நூலகம் தொடங்கி இருவரும் அதிலேயே நூல்களைச் சேர்த்தோம். ஓவர்லீஃபோடு நேராக இணைப்பது கட்டண வசதி. நான் நூலகத்தை லேடெக் படிக்கும் பிப் (.bib) கோப்பாக ஏற்றுமதி செய்து பதிவேற்றிவிடுவேன், இரண்டு நிமிட வேலை.

அப்புறம், தினமும் மூலக் கோப்புகளைத் தரவிறக்கி வையுங்கள். 2024 ஜனவரியில் பெலால் சைக்ளோன் இரண்டு தீவுகளையும் தாக்கியபோது, அங்கே தோழிக்கு மின்சாரம் போனது, இங்கே மொரீஷியஸில் எனக்கு இணையம் போனது. மடிக்கணினியில் முந்தின நாள் பிரதி இருந்ததால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அட்டவணையையாவது திருத்தினேன்.

முடிந்ததும் தோழி அதைப் பிரான்ஸின் திறந்த காப்பகமான ஹாலில் ஏற்றினாள். 2001 முதல் இருக்கிறது, எவரும் காசில்லாமல் படிக்கலாம்.

பின்சேர்க்கை: லுவாலேடெக் என்ற இன்னொரு கம்பைலரில் கொம்பு இன்னும் பின்னால்தான் நிற்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் ஸ்கிரிப்டோடு ரெண்டரர் என்பதற்கு ஹார்ஃப்பஸ் என்றும் (Renderer=HarfBuzz) கொடுங்கள். தமிழ் நூல்கள் பட்டியலில் வரிசை தப்பி நிற்கின்றன என்றார் இன்னொருவர். மேற்கோள் பட்டியலை உருவாக்கும் பழைய பிப்டெக் நிரலை விட்டுவிட்டு, பிப்லேடெக் தொகுப்பையும் அதற்குப் பட்டியலை வரிசைப்படுத்தித் தரும் பைபர் நிரலையும் பயன்படுத்துங்கள்.