ஃபேன் சுற்றுது, ஆனா திரையில் ஒன்றும் வரவில்லையா?

கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டர் மட்டும் கருப்பாகவே இருக்கிறது என்றால் உடனே மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் மெயின் போர்டு) போச்சு என்று பயப்பட வேண்டாம். முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். திரைக்குப் படம் அனுப்பும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் செருகியிருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல (இதைக் கவனிக்காமல் நானே ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்).

சரி, கேபிளில் குறையில்லை, அப்புறம் ரேம், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான மெமரி பட்டை. பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பட்டனை 10 நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, ஸ்லாட் ஓரத்துக் கிளிப்பைத் தள்ளி ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை மென்மையான அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை வாயால் ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். பெரும்பாலும் இதிலேயே உயிர் வந்துவிடும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், கோளாறு எதில் என்று தெரிந்துவிடும்.

தேதியும் நேரமும் தானாக மாறிக்கொண்டே இருந்தால் அது வேறு கதை. மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக இருக்கும் 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள், போதும்.

எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மட்டும் திறக்காதீர்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும்.