பின்னதை முதலில் செலுத்துங்கள்: ஸ்டிராப் முறை

ஸ்டிராப் (STIRAP) எனும் லேசர் முறையில் ஒரு மூலக்கூற்றை ஓர் அதிர்வு நிலையிலிருந்து மற்றோர் அதிர்வு நிலைக்கு ஏறத்தாழ முழுமையாக மாற்ற, இரண்டு லேசர்களும் இரு நிலைகளையும் இணைக்கும் ஒரு கிளர்வுற்ற இடைநிலையும் தேவை. தொடக்க நிலையைத் தொடும் பம்ப் லேசரை முதலில் செலுத்தவே கை போகும், அது தவறு. வெறுமையாக இருக்கும் இறுதி நிலையை இடைநிலையோடு பிணைக்கும் ஸ்டோக்ஸ் லேசரே முந்த வேண்டும். அது தணியத் தொடங்கும்போது, அதனோடு ஓரளவு மேற்பொருந்தியபடி பம்ப் லேசர் எழ வேண்டும். அப்போது மூலக்கூறு தொடக்க, இறுதி நிலைகள் மட்டும் கலந்த 'இருள்நிலை'யிலேயே பயணிப்பதால், இடைநிலையில் தங்கி ஒளியுமிழ்ந்து வழிதவறுவதில்லை.

ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்னில் கிளாஸ் பெர்க்மன் குழுவினர் 1990இல் இரு சோடிய அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளின் கற்றையில் இதைச் செய்தபோது பயன்படுத்தியவை இடைவிடாது ஒளிரும் தொடர் லேசர்களே. பாய்ந்து செல்லும் மூலக்கூற்றுக்கு, குறுக்கே கடக்கும் ஒவ்வோர் ஒளிக்கற்றையும் ஒரு துடிப்பாகவே தெரியும். ஆகவே மூலக்கூறு முதலில் சந்திக்கும்படி ஸ்டோக்ஸ் கற்றையைச் சற்று நகர்த்தினாலே வரிசை அமைந்துவிடும்.

இரு லேசர்களின் அதிர்வெண் வேறுபாடு, இரு நிலைகளின் ஆற்றல் இடைவெளியோடு துல்லியமாகப் பொருந்துமாறு முதலில் சரிசெய்யுங்கள். பிறகு, ராபி கோண அதிர்வெண்ணை (லேசர் இரு நிலைகளை எவ்வளவு வலுவாகப் பிணைக்கிறது என்பதன் அளவை) மேற்பொருந்தும் நேரத்தால் பெருக்கினால் 10க்கு மேல் வருமளவு ஒளிச்செறிவை உயர்த்துங்கள்.