பட்டுப்புழுவின் நோய் எதிர்ப்பைக் கண்ணால் பார்க்க

பூச்சிக்கு நம்மைப்போல் ஆன்டிபாடி கிடையாது, ஆனாலும் பாக்டீரியா உள்ளே புகுந்த சில மணி நேரத்திலேயே அதைக் கொல்லும் சிறு புரதங்களை அதன் கொழுப்புத் திசு இரத்தத்தில் கொட்டத் தொடங்கிவிடும். கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்கப் பட்டுப்புழுதான் நல்ல தேர்வு.

நான்காம் தோலுரிப்பு முடிந்து இரண்டு மூன்று நாளான புழுக்களை எடுத்து மூன்று குழுவாகப் பிரியுங்கள்: ஒன்றைத் தொடவே வேண்டாம், ஒன்றுக்குக் கிருமி நீக்கிய உப்புநீர், மூன்றாவதுக்குக் கொதிக்க வைத்துக் கொன்ற ஈ.கோலை பாக்டீரியா (தீங்கற்ற ஆய்வக வகை). உப்புநீர்க் குழுவை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் ஊசிக் காயமே புழுவைக் கொஞ்சம் உசுப்பிவிடும், அதைக் கழித்துப் பார்த்தால்தான் பாக்டீரியாவின் பங்கு தெரியும்.

புழுவைப் பத்து நிமிடம் பனிக்கட்டி மேல் வைத்தால் அசையாது. இன்சுலின் ஊசியை இரண்டு வளையங்களுக்கு நடுவே, தோலுக்கு இணையாகப் படுத்தவாக்கில் செலுத்தி 10 மைக்ரோலிட்டர் போடுங்கள். பச்சைச் சாறு கசிந்தால் குடலில் குத்திவிட்டீர்கள், அந்தப் புழுவை ஒதுக்கிவிடுங்கள்.

செத்த பாக்டீரியாவே போதும், ஏனென்றால் பூச்சி அடையாளம் காண்பது அதன் செல்சுவரிலுள்ள பெப்டிடோகிளைக்கானை. அதைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை 1996-இல் முதன்முதலில் பிரித்தெடுத்ததும் பட்டுப்புழு இரத்தத்திலிருந்துதான். பழ ஈயில் ‘கிருமி வந்துவிட்டது’ என்ற இந்தச் செய்தி செல்லுக்குள் இரண்டு சமிக்ஞைப் பாதைகளில் போகிறது: ஈ.கோலை போன்றவற்றுக்கு இம்ட் பாதை, பூஞ்சைக்கும் பல கிராம் பாசிட்டிவ் (தடித்த செல்சுவர் கொண்ட) பாக்டீரியாவுக்கும் டோல் பாதை. நோய் எதிர்ப்பில் டோலின் பங்கைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜூல்ஸ் ஹோஃப்மனுக்கு 2011 நோபலில் பங்கு கிடைத்தது.

சரி, 24 மணி நேரம் கழித்து வயிற்றுக்கால் ஒன்றின் நுனியை வெட்டி, பனிக்கட்டியில் நிற்கும் குழாயில் இரத்தத்தைச் சொட்டவிடுங்கள். மெல்லிய மஞ்சளாக வரும், வெளியே வைத்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகிக் கறுத்துவிடும் (அந்தக் கறுப்பும் ஒரு தற்காப்புதான்). அதனால் தாமதிக்காமல் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்து, மையவிலக்கியில் சுழற்றி, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். கறுக்க வைக்கும் நொதி அழிந்துவிடும், முதலில் சொன்ன சிறு புரதங்களில் ஒன்றான செக்ரோபின் வெப்பத்தைத் தாங்கி நிற்கும்.

அப்புறம், உயிருள்ள ஈ.கோலை பரப்பிய அகர் தட்டில் குழியிட்டு மூன்று குழுவின் நீரையும் ஊற்றி இரவு முழுக்க 37 டிகிரியில் வையுங்கள். மூன்றாம் குழுவின் குழியைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். மைக்ரோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியாவில் சோதித்தால், தொடாத புழுவிலும் இருக்கும் லைசோசைமே (செல்சுவரைக் கரைக்கும் நொதி) அதைக் கரைத்துக் குழப்பிவிடும், அதனால் ஈ.கோலையே வேண்டும். முடிந்ததும் தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்துவிட்டே (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிவிட்டே) எறியுங்கள்.