கடற்கரை ஊர்களில் சுவிசேஷம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: எழுந்து போக முடியாதவரைப் பிடித்துப் பேசுவது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு வேறு வழியில்லை, மரியாதைக்குத் தலையாட்டுவார். அதை ஆர்வம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊர், வேலை, பிள்ளைகள் என்று பேச்சு தன் போக்கில் போகட்டும். அவராக ஒரு கேள்வி கேட்டால் இரண்டு நிமிடம் சொல்லுங்கள். போனை எடுத்தாலோ கண்ணை மூடினாலோ அதோடு விட்டுவிடுங்கள். 1 பேதுரு 3:15 சொல்வதும் விசாரித்துக் கேட்கிறவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லத்தான்.

நேரம் பார்க்காமல் போவது அடுத்தது. விசைப்படகு கரை சேர்ந்து ஏலம் நடக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் மீனின் விலை. அப்போது சுவிசேஷம் அச்சிட்ட கைப்பிரதி நீட்டினால் ஈரக்கையோடு வாங்கி மணலில் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் நிழலில் வலை பின்னும்போது கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கும். கடல்பாசி எடுத்துக் கரையேறும் பெண்களிடமும் கருவாடு காயப்போடுகிறவர்களிடமும் ஆண் தனியாகப் போய் நிற்கக்கூடாது. சபையின் சகோதரி ஒருவர் பேசட்டும்.

போகவே கூடாத இடங்களும் உண்டு. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் தேவிபட்டினத்திலும் தர்ப்பணம் கொடுக்க வந்தவர் துக்கத்தோடு நிற்கிறார். ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் குன்றிய பிள்ளையைக் கூட்டி வந்த தாய் களைத்துப்போயிருக்கிறார். கீழக்கரையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வருகிறவர்களை வழிமறிப்பதும் அப்படித்தான். பிறர் வணங்குவதைப் பழித்துப் பேசினால் அன்பும் போச்சு, சட்டமும் குறுக்கே வரும். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது.

தங்கச்சிமடத்திலோ மூக்கையூரிலோ எதிர்ப்பட்டவரிடம் "இரட்சிக்கப்பட்டீர்களா?" என்று தொடங்குவது இன்னொரு பிழை. இந்தக் கரையின் பரதவர் 1530-களிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஜான் டி பிரிட்டோ என்ற வேதபோதகர் அருளானந்தர் 1693-இல் விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஓரியூர் இதே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தலைமுறைகளாகச் செபமாலை சொல்லும் கத்தோலிக்கரை அஞ்ஞானியாக நடத்தினால் அந்தத் தெருவே உங்களுக்கு அடைபடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது உதவியையும் உபதேசத்தையும் சேர்த்துக் கொடுப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் கடன் ஏறும். அப்போது அரிசிப் பையோடு கைப்பிரதியும் போனால், பசியைக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள் என்றுதான் ஊர் நினைக்கும். அரிசியைக் கொடுத்தால் அரிசியை மட்டும் கொடுங்கள், வேறு மதத்தாருக்கும் சேர்த்து.

வாக்குறுதியும் வேண்டாம். இலங்கைச் சிறையில் இருப்பவரின் மனைவியிடம் "ஜெபித்தால் அடுத்த வாரம் வந்துவிடுவார்" என்றால், வராதபோது உடைவது அவர் மனம். "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள்; சரி என்றால் சுருக்கமாக, மெதுவான குரலில். சர்க்கரை மாத்திரையையோ மனநல மருந்தையோ நிறுத்தச் சொல்வது உயிரோடு விளையாடுவது.

பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் அறியாமல் எதையும் கொடுக்காதீர்கள். பேசியவரின் போன் நம்பரைக் கேட்காமல் உங்களுடையதைக் கொடுங்கள். பேசியவரோடு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். அதைப் பார்த்த உறவினரிடமும் கடைக்காரரிடமும் மறுநாள் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.